காசநோய் மாத்திரையை நிறுத்தச் சொன்னதா கம்ப்யூட்டர்?

‘எதிர்ப்புச் சக்தியை ஏற்றிக்கொண்டால் போதும், ஆறு மாத காசநோய் மாத்திரை வேண்டாம், அமெரிக்காவில் கம்ப்யூட்டரே நிரூபித்துவிட்டது’ என்று வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி சுற்றுகிறது. தவறு. ஆபத்தான தவறும்கூட.

காசநோயைக் கம்ப்யூட்டரில் உருவாக்கிப் பார்க்கும் ஆய்வுகளில் பெயர்பெற்றது, அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் டெனிஸ் கிர்ஷ்னர் குழு 2004இல் வெளியிட்ட கம்ப்யூட்டர் மாதிரி. பின்னாளில் அது கிரான்சிம் எனப்பட்டது. நுரையீரலில் காசநோய்க் கிருமிகளைச் சுற்றி எதிர்ப்பு செல்கள் கோட்டை கட்டுகின்றன அல்லவா, கிரானுலோமா என்ற அந்த முடிச்சைத்தான் அது திரையில் வளர்த்துப் பார்க்கிறது. நுரையீரல் திசுவில் 2 மில்லிமீட்டர் சதுரம், அதில் 100க்கு 100 கட்டங்கள். ஒவ்வொரு கட்டமும் 20 மைக்ரான். கிருமியை விழுங்கும் மேக்ரோபேஜ் செல் ஒன்று உட்காரும் இடம். ஏறக்குறைய ஆடுபுலி ஆட்டம்தான், காய்கள் தாமாகவே நகரும் என்பதைத் தவிர.

அதில் கிடைத்த பாடம் வாட்ஸ்அப் செய்திக்கு நேர் எதிர். டிஎன்எஃப் என்ற எதிர்ப்புப் புரதத்தை நீக்கினால் கிருமி பெருகுகிறது. அளவுக்கு மீறினால் அழற்சி மிகுந்து திசு பாழாகிறது. ஆக, ‘ஏற்றிக்கொள்’ என்ற அறிவுரைக்கே இடமில்லை. முடக்குவாதத்துக்கு டிஎன்எஃப் தடுப்பு மருந்து எடுத்தவர்களில் சிலருக்குக் காசநோய் தலைதூக்கியதை 2001லேயே மருத்துவர்கள் பதிவு செய்திருந்தார்கள்.

இன்னொன்று: ரிஃபாம்பிசின், ஐசோநியசிட் என்ற காசநோய் மாத்திரைகள் அந்த முடிச்சுக்குள் எவ்வளவு ஊடுருவுகின்றன என்பதை ஆராயவும் இதே மாதிரி பயன்பட்டிருக்கிறது. மாத்திரையை நிறுத்த அல்ல, கூர்மையாக்க. பாதியில் நிறுத்தினால் எஞ்சிய கிருமி மருந்துக்கு மசியாததாக மாறக்கூடும்.