மறுமுயற்சியைப் பற்றிக் கட்டுரை பேசவில்லை
இணையத்தில் பணம் பெற உதவும் ஸ்ட்ரைப் சேவையைப் பைத்தான் நிரலில் இணைப்பது பற்றிய கட்டுரை, அதன் லைப்ரரியை நிறுவி ரகசியச் சாவியைக் கொடுத்துவிட்டால் வேலை முடிந்தது என்று சொல்வது, சோதனைச் சூழலுக்கு மட்டுமே பொருந்தும். தொகையை நாணயத்தின் மிகச் சிறிய அலகில் அனுப்ப வேண்டும் என்பதால் 500 ரூபாய்க்குப் பைசாவில் 50000 என்று எழுத வேண்டும். பைசா போன்ற சிறிய அலகு புழங்காத ஜப்பானிய யென்னுக்கோ 500 என்றால் 500தான். இதைவிட முக்கியமானது, பதில் வருவதற்குள் இணைப்பு அறுந்து, நிரல் அதே கோரிக்கையை மீண்டும் அனுப்பும்போது வாடிக்கையாளரிடம் இருமுறை பணம் எடுக்கப்படாமல் இருக்க, அந்த ஆர்டருக்கென்று ஒரே ஐடெம்பொட்டன்சி சாவியை (இது அதே கோரிக்கைதான் என்று காட்டும் தனி அடையாளம்) சேர்த்து அனுப்புவது. லைப்ரரி தானாகச் செய்யும் மறுமுயற்சிகளுக்கு அதுவே சாவியை உருவாக்கிக்கொள்ளும். ஆனால் நீங்கள் ஆர்டருக்கென்று சாவி கொடுக்காதபோது, பயனர் பொறுமையிழந்து பொத்தானை மறுபடி அழுத்தினால் (அழுத்தத்தான் செய்வார்) அது புதிய கோரிக்கையாகவே போய்ச் சேரும். வெப்ஹூக், அதாவது ஸ்ட்ரைப் நம் சர்வருக்குத் தானாக அனுப்பும் அறிவிப்பு, அதன் கையொப்பத்தைச் சரிபார்க்கும்போதும், ஜேசன் என்ற தரவு வடிவமாகப் பிரித்து மீண்டும் கோத்த தரவைக் கொடுக்காமல், வந்த பைட்டுகளை அப்படியே கொடுக்க வேண்டும்.