64 பின்களை யாரும் எனக்குத் தானமாகத் தரவில்லை

பந்தை உருட்டிப் பின் என்னும் கட்டைகளை வீழ்த்தும் எங்கள் பவுலிங் லீக்கில், வியாழக்கிழமை இரவு எனக்குக் கோப்பை கொடுத்தபோது என்ன பேச்சு எழுந்தது என்று அங்கே இருந்தவர்களுக்குத் தெரியும். "ஆன்ட்டி, நீங்கள் ஜெயிக்கவில்லை, கால்குலேட்டர்தான் ஜெயித்தது." நான்கு நாட்களாக அது காதைவிட்டுப் போகவில்லை. பேசாமல் இருந்துவிடலாம் என்றுதான் நினைத்தேன். ஆனால் அடுத்த பருவத்தில் ஹேண்டிகேப்பை, அதாவது சராசரி குறைந்தவருக்குக் கூட்டித்தரும் பின்களை (புள்ளிகளை), 90 விழுக்காட்டிலிருந்து 70 ஆகக் குறைக்க வாக்கெடுப்பு என்று செய்தி வந்த பிறகு பொறுக்க முடியவில்லை.

கணக்கைச் சொல்கிறேன். எங்கள் லீக்கில் அடிப்படை எண் 200. அதிலிருந்து ஆடுபவரின் சராசரியைக் கழித்து, மீதியில் 90 விழுக்காட்டை அவருக்குச் சேர்ப்பார்கள், பின்னத்தை விட்டுவிடுவார்கள். என் சராசரி 128, எனக்கு 64. அன்று என்னிடம் தோற்ற தம்பியின் சராசரி 186, அவருக்கு 12. இருவரும் அவரவர் சராசரிக்கு ஆடினால் நான் 192, அவர் 198. முதல் பந்து உருளும் முன்பே ஆறு பின் முன்னால் நிற்பவர் அவர்தான். தயவுசெய்து இதை இன்னொரு முறை படியுங்கள்.

அன்று அவர் எடுத்தது 194, தன் சராசரியைவிட 8 கூடுதல். நான் எடுத்தது 151, என் சராசரியைவிட 23 கூடுதல். முடிவு 215க்கு 206. கால்குலேட்டரா கடைசிச் சுற்றான பத்தாவது ஃபிரேமில் வலது மூலையில் நின்ற ஒற்றைப் பின்னை விழவைத்தது? கட்டைவிரல் வியர்த்து வழுக்கியது. துணியால் துடைத்துக்கொண்டு, இடது ஓரத்துக்கு நகர்ந்து, குறுக்கே விட்டேன். ஓரப் பள்ளத்தில் விழப்போகிறது என்றே நினைத்தேன். விளிம்பை ஒட்டியே போய்ப் பின்னை உரசிச் சாய்த்தது. மிச்சம் நின்றதை இரண்டாம் பந்தில் வீழ்த்தும் அந்த ஒரு ஸ்பேருக்காக எத்தனை மாலை நேரம் தனியாக நின்று எறிந்திருக்கிறேன் என்பது என் மணிக்கட்டுக்குத் தெரியும்.

வேண்டுமென்றே மோசமாக ஆடிச் சராசரியை இறக்கி வைத்துக்கொள்பவர்கள் இருக்கிறார்களே என்பீர்கள். இருக்கிறார்கள். போன பருவத்துச் சராசரியைவிடப் பத்துப் பின்னுக்குமேல் இறங்கவிடாதீர்கள், அவர்களைப் பிடித்துவிடலாம். ஏமாற்றுபவன் ஒருவனுக்காக எல்லோருடைய கணக்கிலும் கை வைப்பது என்ன நியாயம்?

"நன்றாக ஆடக் கற்றுக்கொள்ளுங்கள், ஹேண்டிகேப் தானாகக் குறையும்" என்று இன்னொரு அண்ணன் எழுதியிருக்கிறார். கற்றுக்கொண்டுதான் இருக்கிறேன் அண்ணா. நான் பந்தை முதன்முதலாகத் தொட்டபோது வயது 41. அதற்கு முன் இருபது வருடம் துணித் தொழிற்சாலையில் தையல் இயந்திரத்தின் முன்னால் குனிந்திருந்தேன். தென்னாப்பிரிக்காவில், டர்பனின் சாட்ஸ்வொர்த்தில் நான் வளர்ந்த காலத்தில் எந்த வாசலில் யார் நுழையலாம் என்று பலகை வைத்திருந்தார்கள்; பொது இடங்களை இனவாரியாகப் பிரித்துவைத்த அந்தச் சட்டம் 1953இல் வந்து 1990இல்தான் போனது. அந்தத் தம்பி ஏழு வயதில் பயிற்சியாளரிடம் போனவர். அதில் அவர் குற்றம் எதுவும் இல்லை. நல்ல காலத்தில் பிறந்திருக்கிறார், நன்றாக இருக்கட்டும். ஆனால் நான் தாமதமாக வந்ததை என் சோம்பலாக எழுதிவிடாதீர்கள்.

என் அப்பா சிறுவனாகக் கோல்ஃப் பை சுமந்தவர். எங்கள் தென்னாப்பிரிக்க இந்தியக் கோல்ஃப் வீரர் பாப்வா சேவ்கோலம் பெயரைச் சொன்னாலே அவர் குரல் மாறிவிடும். பை சுமந்து வளர்ந்து, கைகளை மாற்றிப் பிடித்து ஆடி, 1959இலும் 1960இலும் டச்சு ஓப்பனை வென்ற மனிதர். 1963இல் டர்பன் கன்ட்ரி கிளப்பில் நேட்டால் ஓப்பனையும் வென்றார். வெள்ளைக்கார ஆட்டக்காரர்கள் உள்ளே இருக்க, அவர் வெளியே மழையில் நின்று கோப்பையை வாங்கினார். உடனே கேட்பீர்கள், அவர் ஹேண்டிகேப் வாங்கி ஆடினாரா என்று. இல்லை. அவர் எங்கே, நான் எங்கே. ஆட்டத்தை நான் ஒப்பிடவில்லை. வென்றவர் கையில் கோப்பையை எப்படிக் கொடுக்கிறீர்கள் என்பதைத்தான் கேட்கிறேன். வியாழக்கிழமை எனக்கும் கைதட்டல் பாதியில் நின்றது. என் பேத்தி என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். இதை எழுதும்போதும் கண் கலங்குகிறது, அதை மறைக்கவும் விரும்பவில்லை.

இப்போது அந்த 70 விழுக்காட்டுக்கு வருகிறேன். அதே இரவை அந்தக் கணக்கில் போட்டுப் பார்த்தேன். எனக்கு 50, அவருக்கு 9. நான் 201, அவர் 203. என் வாழ்நாளிலேயே நான் ஆடிய மிக நல்ல ஆட்டம் இரண்டு பின்னில் தோற்றிருக்கும். இருவரும் சராசரிக்கு ஆடினால் வித்தியாசம் 17. நூற்று இருபது, நூற்று முப்பது எடுக்கும் பெண்களும் பெரியவர்களும் வாரந்தோறும் பணம் கட்டிவிட்டுத் தோற்கத்தான் வரவேண்டும். அவர்கள் வராமல் போனால் எத்தனை லேன்களில் விளக்கு எரியும் என்று குழுவில் யாராவது எண்ணிப் பார்த்தீர்களா?

வாக்கெடுப்பு வரும் வியாழக்கிழமை, ஆட்டம் தொடங்குவதற்கு முன். இந்தக் கணக்கை ஒரு தாளில் எழுதி எடுத்துக்கொண்டு வருகிறேன். தம்பி, நீங்களும் வாருங்கள், அதை என் பக்கத்தில் உட்கார்ந்து ஒருமுறை போட்டுப் பாருங்கள்.