ஓசி வைத்தியமா அண்ணே?

நேற்று ஜப்பானில் இருக்கும் நம் தமிழர் குழுவில் ஓடிய அந்தக் குரல்பதிவை எல்லோரும் கேட்டிருப்பீர்கள். "புதுசா வர்ற பசங்க ஜப்பான்காரன் காசுல ஓசி வைத்தியம் பாக்குறாங்க." சொன்னது ஜப்பான்காரர் இல்லை. இருபது வருடமாக டோக்கியோவில் இருக்கும் நம் அண்ணன். கைதட்டல் பொம்மை போட்டவர்கள் பதினொரு பேர். எண்ணிப் பார்த்தேன்.

ஓசி இல்லை அண்ணே. காசு கட்டுகிறோம். மூன்று மாதத்துக்கு மேல் தங்க விசா வாங்கி வந்தவர், கம்பெனிக் காப்பீடு இல்லையென்றால் கோகுஹோவில், அதாவது இங்குள்ள தேசிய உடல்நலக் காப்பீட்டில், சேர்ந்தே ஆக வேண்டும். வேண்டாம் என்று சொல்ல முடியாது.

2022-ல் வேலையை விட்டுவிட்டுத் தனியாகத் தொழில் ஆரம்பித்தேன். ஜூனில் கவர் வந்தது, உள்ளே கோகுஹோ பிரீமியம் கட்டப் பத்துச் சீட்டு. போன வருடச் சம்பளத்தை வைத்துப் போட்ட தொகை. அந்த வருடம் வருமானம் பாதியாகிப்போனது அந்தக் கணக்குக்குத் தெரியாது. கம்பெனியில் இருந்தவரை பாதியை முதலாளி கட்டினார், இப்போது முழுதும் என் தலையில். மாதாமாதம் கொன்பினியில் (தெருமுனைச் சிறு கடை) சீட்டை நீட்டுவேன். கல்லாவில் இருக்கும் பெண் பார்கோடைப் பிடித்து, தேதி முத்திரை குத்தி, என் துண்டைக் கிழித்துத் தருவாள். எல்லாத் துண்டும் பிஸ்கட் டப்பாவில் பத்திரமாக இருக்கிறது. ஓசிக்கு எவனாவது ரசீது கொடுப்பானா?

"நீயும் ஆபரேஷன் செய்துகொண்டாயே" என்பீர்கள். செய்துகொண்டேன். பித்தப்பைக் கல். மொத்த பில் 7 லட்சம் யென். என் பங்கு 30 சதவீதம் என்றால் 2,10,000 வந்திருக்கும். மாத உச்சவரம்பு இருந்ததால் 84,430-தான் கட்டினேன். நன்றியோடுதான் சொல்கிறேன். ஆனால் இது தர்மம் இல்லை, காப்பீடு. கட்டினவனுக்குக் கிடைப்பது.

ஊரிலிருக்கும் அப்பா அம்மாவையும் காப்பீட்டில் சேர்த்துவிடுகிறோம் என்று இன்னொரு குற்றச்சாட்டு. கம்பெனிக் காப்பீட்டில் அந்தக் கதவை 2020 ஏப்ரலிலேயே மூடிவிட்டார்கள், இங்கே வசிக்காதவரைச் சேர்க்க முடியாது. வெளிநாட்டவரிடம் கோகுஹோ பிரீமியம் வசூல் 63 சதவீதம்தானே என்றும் ஒருவர் எழுதியிருந்தார். சரி, கட்டாதவரிடம் போய்க் கேளுங்கள். கட்டுகிற என்னிடம் ஏன் கேட்கிறீர்கள்? கோகுஹோவில் இருப்பவர்களில் வெளிநாட்டவர் சுமார் 4 சதவீதம், மருத்துவச் செலவில் எங்கள் பங்கு 1.4 சதவீதத்துக்கும் கீழே. சுகாதார அமைச்சகம் சொன்ன கணக்கு. யார் யாரைத் தாங்குகிறார்கள் என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

40 வயதானதிலிருந்து முதியோர் பராமரிப்புக் காப்பீடும் சேர்ந்து வருகிறது. எனக்கு வயதாகும்போது இங்கே இருப்பேனா என்பது விசா புதுப்பிக்கிறவருக்குத்தான் வெளிச்சம். ஊருக்குத் திரும்பினால் கட்டினது கட்டினதுதான்.

கிளினிக்கில் பக்கத்தில் உட்காரும் பாட்டிகள் ஒருநாளும் யார் காசு என்று என்னிடம் கேட்டதில்லை. பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு இடம் கொடுப்பார்கள். நம்மாள் கேட்கிறார். அதுதான் ராத்திரி தூங்கவிடவில்லை. இருபது வருடம் இருந்தால் மண்ணின் மைந்தராகிவிடுவாரா? அவர் பர்ஸிலும் அதே குடியிருப்பு அட்டைதானே இருக்கிறது?

சொல்ல வேண்டாம் என்றுதான் இருந்தேன். அண்ணிக்குப் பிரசவமானபோது காப்பீட்டில் 5,00,000 யென் வந்ததே, அந்தப் படிவத்தை நிரப்பியது யார்? அண்ணனுக்கு ஜப்பானியப் பேச்சு வரும், கான்ஜி எனும் சித்திர எழுத்து வராது. ஞாயிற்றுக்கிழமை முழுக்க அவர் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து எழுதிக்கொடுத்தேன்.

தயவுசெய்து யாரும் கமெண்டில் அவரை டேக் செய்யாதீர்கள். காலையிலேயே அன்ஃப்ரெண்ட் செய்துவிட்டார்.