ரன் என்றால் 'ஓடு' மட்டும்தானா?

குன்னூரில் எங்கள் தெருப் பிள்ளைகளுக்குச் சாயங்காலம் இங்கிலீஷ் சொல்லிக்கொடுக்கிறேன். அவர்கள் கொண்டுவரும் கைடைப் பார்த்தாலே எரிச்சல் வருகிறது. ரன் என்றால் 'ஓடு'. அவ்வளவுதான், அடுத்த சொல்லுக்குப் போய்விடுகிறார்கள். 'மை நோஸ் இஸ் ரன்னிங்' என்பதற்கு ஒரு பெண் 'என் மூக்கு ஓடிக்கொண்டிருக்கிறது' என்று எழுதியிருக்கிறாள். இந்த ஊர்க் குளிரில் மூக்கு ஒழுகாத பிள்ளை உண்டா? தெரிந்த விஷயத்தையே தப்பாக எழுத வைக்கிறார்கள்.

மேட்டுப்பாளையத்திலிருந்து மலை ரயில் ரன் ஆகிறது என்றால், சரி, ஓடுகிறது. கடையை ரன் பண்ணினால் நடத்துவது. தேர்தலில் ரன் பண்ணினால் நிற்பது, ஓடுவதற்கு நேர் எதிர்! துவைத்த துணியில் சாயம் போவதும் அதே ரன்தான். ஆக்ஸ்ஃபோர்டு பேரகராதியின் மூன்றாம் பதிப்பில் இந்த ஒரு வினைச்சொல்லுக்கு மட்டும் 645 பொருள். அத்தனையும் யார் கேட்டார்கள்? ஐந்தாறு பொருள், ஒவ்வொன்றுக்கும் ஒரு வாக்கியம் போடக் கூடாதா? வாசல் படி, அரிசி அளக்கும் படி, பாடம் படி என்று யாரும் சொல்லாமலே பிரித்துப் புரிந்துகொள்கிற பிள்ளைகள் இவர்கள். காசை வாங்கிக்கொண்டு அரைகுறையாக அச்சடித்துக் கொடுப்பவர்களை என்ன சொல்வது!