கவலையே இல்லை, ஒரு பெல்பாட்டத்தைத் தவிர

(இடம்: கல்லிடைக்குறிச்சிப் பக்கம் தாமிரபரணிப் படித்துறை. நேரம்: சனிக்கிழமை காலை. சங்கரன், முருகையா இருவருக்கும் அறுபது தாண்டிவிட்டது. ஒரே வகுப்பில் படித்தவர்கள். உடம்பெல்லாம் நல்லெண்ணெய் தேய்த்துக்கொண்டு, ஊறட்டும் என்று படியில் உட்கார்ந்திருக்கிறார்கள். எண்ணெய் ஊறுகிற நேரத்தில் மனிதனால் எந்த வேலையும் செய்ய முடியாது, பேச மட்டும்தான் முடியும். இருவருக்கும் நடுவில் ஒரு துணிப்பை, அது சங்கரனுடையது.)

சங்கரன்: (தொண்டையைச் செருமிக்கொண்டு) "மேடையில் வீற்றிருக்கும் பெரியோர்களே! 1980-ஆம் ஆண்டு எஸ்.எஸ்.எல்.சி. எழுதிய என் அருமைத் தோழர்களே..."

முருகையா: என்ன வே, வார்டு தேர்தலில் நிற்கிறீரா?

சங்கரன்: அடுத்த ஞாயிற்றுக்கிழமை நம்ம செட் ஆட்கள் எல்லாரும் கூடுகிறோம் இல்லையா? ஐந்து நிமிடம் பேசச் சொல்லியிருக்கிறார்கள். தலைப்பு, 'கவலையில்லாத அந்தக் காலம்'.

முருகையா: யாருடைய காலம்?

சங்கரன்: நம்முடைய காலம்தான்.

முருகையா: நாம் எப்போது வே கவலையில்லாமல் இருந்தோம்? தேதி சொல்லும்.

சங்கரன்: தேதி என்ன தேதி? மொத்தமாகவே இருந்தோம். கேளும். "கையில் காசில்லை, மனதில் கவலையில்லை, மடியில் ஒரு சாவிகூட இல்லை..."

முருகையா: அது வாஸ்தவம். இப்போது எத்தனை சாவி வைத்திருக்கிறீர்?

சங்கரன்: (பையைத் தொட்டுப் பார்த்து) வாசல் சாவி, கிரில் கேட் சாவி, பீரோ சாவி, ஸ்கூட்டர் சாவி, மோட்டார் ரூம் சாவி. இன்னும் இரண்டு சாவி எதற்கென்று தெரியாது. தெரியாததால் தூரப் போடவும் பயமாக இருக்கிறது.

முருகையா: பையில் வேறு என்ன இருக்கிறது?

சங்கரன்: கண்ணாடி, செல்போன், மாத்திரை டப்பா, பல் செட். திடீரென்று சுகர் இறங்கினால் போட்டுக்கொள்ள நாலு மிட்டாய்.

முருகையா: ஆற்றுக்குக் குளிக்க வந்தீரா, காசிக்குக் கிளம்பினீரா?

சங்கரன்: அதைத்தான் நானும் பேச்சில் சொல்லப்போகிறேன். அப்போதெல்லாம் வெறுங்கையோடு ஓடிவந்து, அந்தக் கல்மண்டபத்து மேலே ஏறி, தொபுக்கடீர் என்று குதிப்போம். என்ன ஒரு சுதந்திரம்!

முருகையா: உம் அப்பா பேப்பரில் அணை நீர்மட்டம் பார்த்த பிறகுதான் உம்மை ஆற்றுக்கே விடுவார். பாபநாசம் அணைக்கு மொத்தம் 143 அடி. 140-ஐத் தாண்டிவிட்டால் உமக்கு வீட்டில் வாளித் தண்ணீர்தான். எந்த நேரத்தில் அணையைத் திறப்பான் என்று பொறியாளரைவிட உம் அப்பாதான் அதிகம் கவலைப்பட்டார்.

சங்கரன்: கவலைப்பட்டது அவர். எனக்கென்ன வந்தது? சரி, அடுத்த பத்திக்கு வாரும். "வாடகை சைக்கிள் எடுத்துக்கொண்டு, குரங்குப் பெடல் போட்டு, வயல் வரப்போரம் காற்றாய்ப் பறந்தோமே..."

முருகையா: பறந்தது சைக்கிள் இல்லை, நம்ம ஒரு மணி நேரம். மணிக்கு 50 காசு. 5 நிமிடம் கூடினால் அடுத்த மணிக் கணக்கு. நம்ம கையில் கடிகாரம் கிடையாது. கடிகாரம் கட்டிய ஆள் யார் எதிரே வந்தாலும் "மாமா, மணி என்ன? மாமா, மணி என்ன?" கடைசியில் நம்மைப் பார்த்தாலே ஊர்க்காரர்கள் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு போனார்கள்.

சங்கரன்: அது மரியாதை என்று நினைத்தேன்.

முருகையா: அடித்துப் பிடித்துக் கடைக்கு வந்து பார்த்தால், கடைக் கடிகாரம் நம்மைவிட வேகமாக மிதித்து 10 நிமிடம் முன்னால் போயிருக்கும்.

சங்கரன்: செயின் கழன்றுபோனதைச் சொல்லாமல் விட்டீரே.

முருகையா: பார்த்தீரா? உமக்கே ஞாபகம் வருகிறது. கையெல்லாம் கிரீஸ். வீட்டுக்குத் தெரியாமல் இருக்க மண்ணைப் போட்டுத் தேய்த்தோம். அப்புறம் மண் எப்படி வந்தது என்று அடி.

சங்கரன்: (சற்று யோசித்து) சைக்கிளை எடுத்துவிடுகிறேன். வானொலி வைக்கலாமா? சாயங்காலம் திண்ணையில் இலங்கை வானொலி. கடல் தாண்டி வருகிற பாட்டு. சோளக்கொல்லைப் பொம்மை மாதிரி அசையாமல் உட்கார்ந்து கேட்டோம்.

முருகையா: அசைந்தால் ஸ்டேஷன் போய்விடும், அதனால் உட்கார்ந்தோம். பேட்டரிக் கட்டை இளைத்துப்போனதும் வெயிலில் காயவைத்தோம். அதற்குக் காவல் யார்? நான். காக்கா தூக்கிவிடும் என்று உம் ஆச்சி என் கையில் ஒரு கம்பைக் கொடுத்து மொட்டைமாடியில் உட்காரவைத்தாள். நாலு கட்டையோடு நானும் காய்ந்தேன்.

சங்கரன்: பேட்டரியைக் காக்கா எதற்கு வே தூக்குகிறது?

முருகையா: அதை அப்போது உம் ஆச்சியிடம் கேட்டிருக்க வேண்டும். இது போதாதென்று, தபாலாபீஸில் ரேடியோவுக்கு லைசென்ஸ் கட்டவில்லை. தெருவில் காக்கிச்சட்டை தெரிந்தால் ரேடியோவை நெல் குதிருக்குள் இறக்கிவிடுவாள். குதிருக்குள்ளிருந்து பாட்டு கேட்கும். வந்தவன் தபால்காரன். "என்ன ஆச்சி, நெல் பாடுகிறதா?" என்று கேட்டுவிட்டுப் போனான்.

சங்கரன்: வானொலியும் வேண்டாம். எல்லாவற்றையும் கெடுக்கிறீரே. ஒன்பதாம் வகுப்பு முடிந்து பத்தாம் வகுப்பு தொடங்கினோமே, அந்த 1979 ஜூலை. சாரல் விழுந்துகொண்டிருந்தது. கவலை என்றால் என்னவென்று...

முருகையா: ஸ்கைலாப்.

சங்கரன்: (எண்ணெய்க் கையால் நெற்றியில் அடித்துக்கொள்கிறார்) அட ஆமாம்.

முருகையா: அமெரிக்காக்காரன் மேலே விட்ட விண்வெளி நிலையம். 77 டன். எங்கே விழும் என்று விட்டவனுக்கே தெரியாது. ஆனால் நம்ம டீக்கடையில் தெரிந்திருந்தது. அது நேராகக் கல்லிடைக்குறிச்சிக்குத்தான் வருகிறது என்று சொன்னார்கள்.

சங்கரன்: அப்பளம் வாங்க வருகிறதா என்று என் சித்தப்பா கேட்டார்.

முருகையா: உமக்குச் சிரிப்பு. எங்கள் வீட்டில் சுடலைமாடனுக்கு நேர்ந்துவிட்ட சேவல் ஒன்று நின்றது. உலகமே முடியப்போகிறது, சாமிக்கு எதற்குக் கணக்கு என்று என் தாத்தா அதை அடித்துக் குழம்பு வைக்கச் சொல்லிவிட்டார். ஜூலை 11, புதன்கிழமை. நானும் கண்ணீரோடு தொடைக்கறி தின்றேன். வியாழக்கிழமை விடிந்து பார்த்தால் உலகம் அப்படியே இருக்கிறது, சேவலைக் காணோம். கோயில் கொடைத் திருவிழாவுக்குள் மூன்று சேவலாகக் கொடுக்கிறோம் என்று சாமியிடம் சமாதானம் பேசி, அதற்குக் கடன் வாங்கினார்கள்.

சங்கரன்: நான் கணக்கு வீட்டுப்பாடம் செய்யவில்லை. உலகம் முடிகிற அன்றைக்கு எவனாவது அல்ஜீப்ரா போடுவானா? ஸ்கைலாப் விழுந்தது ஆஸ்திரேலியாவில். அடி விழுந்தது எனக்கு.

முருகையா: அங்கே எஸ்பெரன்ஸ் என்று ஒரு ஊர். அந்த ஊர்ப் பஞ்சாயத்து, எங்கள் எல்லைக்குள் குப்பை போட்டாய் என்று நாசாவுக்கே 400 டாலர் அபராதம் போட்டுவிட்டது. அந்த ஊர்ப் பையன் ஒருவன், 17 வயது. விழுந்த துண்டுகளைப் பொறுக்கிக்கொண்டு விமானம் ஏறி, சான் பிரான்சிஸ்கோவில் ஒரு பத்திரிகையில் காட்டி 10,000 டாலர் பரிசு வாங்கினான். அவன் அங்கே விமானம் ஏறுகிறான், நாம் இங்கே கட்டிலுக்கு அடியில் கிடந்தோம்.

சங்கரன்: கட்டிலுக்கு அடியில் நீர் மட்டும்தான். நான் நெல் குதிருக்குள் இருந்தேன்.

முருகையா: ரேடியோவோடா?

(இருவரும் சிரிக்கிறார்கள். கீழ்ப்படியில் தண்ணீருக்குள் தொங்கவிட்ட காலைக் கெண்டைக் குஞ்சுகள் வந்து கடிக்கின்றன. கொஞ்ச நேரம் இருவரும் ஒன்றும் பேசவில்லை. இந்த இடத்தில் யாராவது புல்லாங்குழல் வாசித்தால் கெட்டுவிடும், அவ்வளவு நன்றாக இருந்தது.)

சங்கரன்: இந்த மீன் கடி மட்டும் மாறவில்லை.

முருகையா: இதை எழுதிக்கொள்ளும். ஒன்று தேறியது.

சங்கரன்: எஸ்.எஸ்.எல்.சி. ரிசல்ட் வந்த நாளையும் வைக்கப் பார்த்தேன். பஸ்ஸில் பேப்பர் கட்டு இறங்கினதும் ஊரே ஓடியதே.

முருகையா: (முகம் மாறுகிறது) அதை வைக்காதீர்.

சங்கரன்: ஏன்? பொடி எழுத்தில் நம்பர், நம்பராக. உம் நம்பர் என் நம்பருக்கு ஐந்து தள்ளி. என்னுடையது 3-இல் முடியும், உம்முடையது 8-இல். இரண்டில் ஒன்றுதான் பேப்பரில் இருந்தது. கடைசி இலக்கத்தில் மை பரவி, மூன்றா எட்டா என்றே தெரியவில்லை. நான் மூன்று என்றேன்.

முருகையா: நான் எட்டு என்றேன். ஆசாரி வீட்டிலிருந்து பூதக்கண்ணாடி வாங்கி வந்து பார்த்தோம். பெரிதாகத் தெரிந்தது, அவ்வளவுதான். இரண்டு நாள் நான் பாஸா நீர் பாஸா என்று இரண்டு வீட்டிலும் உலை வைக்கவில்லை. மூன்றாம் நாள் பள்ளிக்கூடத்தில் பட்டியல் ஒட்டினார்கள்.

சங்கரன்: மூன்று.

முருகையா: மூன்றுதான். நான் மறுபடி எழுதிப் பாஸ் செய்தேன் என்பதையும் சேர்த்துச் சொல்லும்.

சங்கரன்: சொல்கிறேன் வே. நான் பாஸ் ஆனதற்கு அப்பா எனக்கு முதன்முதலாகப் பேன்ட் தைத்துக் கொடுத்தார். டெரிகாட்டன் பெல்பாட்டம், பழுப்பு நிறம். கால்பக்கம் ஒவ்வொன்றும் ஒரு குடை அகலம். நடந்தால் தெருவைப் பெருக்கிக்கொண்டே வரும். அதைப் போட்டுக்கொண்டு உம்மிடம் காட்ட இதே படித்துறைக்குத்தான் வந்தேன்.

முருகையா: எனக்கும் ஞாபகம் இருக்கிறது. (ஆற்றைப் பார்க்கிறார்) தண்ணீர் இன்றைக்கு நல்ல தெளிச்சல்.

சங்கரன்: கழற்றிப் படியில் மடித்துவைத்துவிட்டுக் குதித்தேன். முங்கு நீச்சல் போட்டு எழுந்து பார்த்தால் பேன்ட்டைக் காணோம். துண்டையும் காணோம். உம்மையும் காணோம். பக்கத்துப் படித்துறையில் பெண்கள் துவைக்கிறார்கள். மூன்று மணி நேரம் கழுத்தளவுத் தண்ணீரில் நின்றேன் வே! விரலெல்லாம் ஊறிப் பழம் மாதிரி ஆகிவிட்டது. இருட்டினதும் ஒரு வண்டிக்காரர் இரக்கப்பட்டு யூரியா சாக்கு ஒன்று கொடுத்தார். சுற்றிக்கொண்டு வந்தேன். பின்பக்கம் பெரிய எழுத்தில்...

முருகையா: "நைட்ரஜன் 46 சதம்."

சங்கரன்: தெருவிளக்கு எரிந்துகொண்டிருந்தது. மறுநாளிலிருந்து ஊருக்கே நான் நைட்ரஜன். ஞாயிற்றுக்கிழமை வருகிறவர்களில் பாதிப்பேருக்கு என் உண்மையான பெயர் தெரியாது. சரி, போகட்டும். அப்பாதான் எடுத்துக்கொண்டு போயிருப்பார். ஆற்றங்கரையில் பொருளைப் போட்டுவிட்டுப் போகக்கூடாது என்று பாடம் கற்பிக்க அப்படிச் செய்வார். ஆனால் வீட்டுக்குப் போனால், பேன்ட் எங்கே என்று அவரே என்னை அடித்தார். எடுத்தவரே அடித்தால் எப்படி? நல்ல நடிகர் என்று இத்தனை வருடம் நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

முருகையா: அவர் நடிக்கவில்லை வே.

சங்கரன்: என்ன சொல்கிறீர்?

முருகையா: அவர் எடுக்கவில்லை. நல்ல மனுஷன். காலமான ஆளைத் தப்பாகச் சொல்லக்கூடாது.

சங்கரன்: அப்படியானால் யார்?

முருகையா: நீர் பாஸ். உமக்குப் பெல்பாட்டம். எனக்கு வீட்டில் இரண்டு வேளைக் கஞ்சியும் நாலு வேளைத் திட்டும். எனக்கும் வயது பதினைந்து வே. படியில் மடித்துவைத்த பேன்ட்டைப் பார்த்தேன். கை தானாகப் போய்விட்டது.

சங்கரன்: ஏலே! நீயாலே?

முருகையா: போட்டுப் பார்த்தேன். இடுப்பில் ஏறவே இல்லை. அந்த வருத்தத்தைக் கேட்டால் உமக்கே மனது கஷ்டப்படும்.

சங்கரன்: எனக்கு எதற்குலே கஷ்டப்படும்? பேன்ட் எங்கே?

முருகையா: பரணில் ஒளித்தேன். ஒரு மாதத்தில் அம்மா கண்டுபிடித்துவிட்டாள். ஏது என்றாள். ஆற்றில் மிதந்து வந்தது என்றேன். முதலில் கரித்துணியாக்கினாள். டெரிகாட்டன் இல்லையா, சூடு பட்டதும் சுருண்டுவிட்டது. அப்புறம் கீழ்க்கால் இரண்டையும் வெட்டி ரேஷன் கடைக்கு இரண்டு பை தைத்தாள். சும்மா சொல்லக்கூடாது, ஒவ்வொன்றிலும் 5 கிலோ தாராளமாகப் பிடிக்கும்.

சங்கரன்: பழுப்புப் பையா?

முருகையா: ம்.

சங்கரன்: அதில் ஒரு பையை நான்தானேலே உனக்குத் தூக்கி வருவேன், வெள்ளிக்கிழமை தோறும்!

முருகையா: நட்பு என்றால் அதுதானே. சீனி சிந்தாமல் கொண்டுவருவீர்.

சங்கரன்: நாற்பத்தைந்து வருடத்துக்கு மேலாக என் பேன்ட்டின் காலை நானே தூக்கிச் சுமந்த கதை எனக்குத் தெரியவில்லை!

முருகையா: அந்தக் கவலைதான் வே எனக்கு. நீர் ஒவ்வொரு தடவையும் "இந்தத் துணியை எங்கேயோ பார்த்திருக்கிறேனே" என்பீர். எனக்கு நெஞ்சு அடைத்துக்கொள்ளும். கவலையில்லாத காலமாம்! சரி, எண்ணெய் ஊறிவிட்டது. நீர் முதலில் போய்க் குளித்துவிட்டு வாரும். பையை நான் பார்த்துக்கொள்கிறேன்.

(சங்கரன் பையைப் பார்க்கிறார். முருகையாவைப் பார்க்கிறார். பையை எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டு, இரண்டு கையாலும் பிடித்தபடி படி இறங்குகிறார். முழங்கால், இடுப்பு, நெஞ்சு, கழுத்து.)

முருகையா: வே! இது நியாயமா? பார்க்கிறவர்கள் என்ன நினைப்பார்கள்?

சங்கரன்: நைட்ரஜன் என்று நினைக்கட்டும்.

(பைக்குள் செல்போன் அடிக்கிறது.)

முருகையா: போன் அடிக்கிறது வே. பேச்சு தயாரா என்று கேட்கிறார்களோ என்னவோ. எடும்.

சங்கரன்: கையை எடுத்தால் பை விழுந்துவிடும். எண்ணெய்த் தலை, வழுக்குகிறது.

முருகையா: நான் வேண்டுமானால் வந்து பிடித்துக்கொள்ளவா?

சங்கரன்: கரையிலேயே நில்லுலே!