கேஸ் இன்டர்வியூ: வாய்விட்டுப் படிக்க வேண்டிய பாடம்

போன சனிக்கிழமை ஜோஹன்னஸ்பர்க் மெல்ரோஸ் கோயிலில் அர்ச்சனை முடிந்து செருப்பு மாட்டிக்கொண்டிருந்தபோது, தெரிந்த அம்மா ஒருவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். மகன் விட்ஸ் பல்கலைக்கழகத்தில் கடைசி வருடம். பெரிய கன்சல்டிங் நிறுவனம் ஒன்று (மற்ற கம்பெனிகளுக்கு ஆலோசனை சொல்கிற நிறுவனம்) இன்டர்வியூவுக்குக் கூப்பிட்டிருக்கிறது. இன்னும் மூன்று வாரம்தான் இருக்கிறது. "ராத்திரி பகலா ரூம்லயே உட்கார்ந்து படிக்கிறான் அக்கா. சாப்பிடக்கூட வெளியே வர்றதில்லை" என்றார். பெருமையாகத்தான் சொன்னார். எனக்குப் பகீரென்றது.

ரூம் கதவைச் சாத்திக்கொண்டு படித்தால் கேஸ் இன்டர்வியூ வராது. ஜோஹன்னஸ்பர்க்கிலும் டர்பனிலும் நம் பிள்ளைகள் எத்தனை பேர் இந்தத் தப்பைச் செய்து, வாசல் வரை போய்த் திரும்புகிறார்கள் என்று வருடா வருடம் பார்க்கிறேன். மனசு கேட்கவில்லை, அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாக: மெக்கின்சி, பிசிஜி மாதிரி நிறுவனங்கள் ஆள் எடுக்கும்போது, ஒரு கம்பெனியின் நிஜப் பிரச்சினையை எதிரில் வைத்து, அரைமணி நேரம் போல அதை உங்களோடு பேசிப் பார்ப்பார்கள். லாபம் குறைந்திருக்கிறது, ஏன்? புது ஊரில் கடை திறக்கலாமா? அந்த மாதிரி. இந்தப் பிரச்சினையைத்தான் கேஸ் என்கிறார்கள். மெக்கின்சியில் கேட்பவரே ஒவ்வொரு கேள்வியாக நகர்த்துவார். மற்ற பல இடங்களில் அடுத்து எங்கே போவது என்பதை நீங்கள்தான் சொல்ல வேண்டும். இதற்கு முன்னால் கணினியில் ஒரு தேர்வு இருக்கும். மெக்கின்சியில் அது விளையாட்டு மாதிரி இருக்கும். அதைப் பற்றிச் சொல்ல என்னிடம் பெரிதாக ஒன்றும் இல்லை. ஒரு நாள் உட்கார்ந்து பழகினால் போதும்.

நான் முதலில் இன்டர்வியூவுக்குப் போனது 2012-இல், சாண்ட்டனில் ஒரு நிறுவனத்துக்கு. கும்பகோணத்தில் பள்ளிக்கூடம் படித்தபோது எப்படித் தயாரானேனோ அப்படியேதான் இதற்கும் தயாரானேன். பன்னிரண்டு ஃப்ரேம்வொர்க் (பிரச்சினையைப் பகுதி பகுதியாகப் பிரித்துப் பார்க்க முன்கூட்டியே போட்டு வைத்த கட்டங்கள்) மனப்பாடம். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். கேஸ் ஒரு பால் நிறுவனத்தைப் பற்றியது, லாபம் குறைந்துவிட்டது. நான் கடகடவென்று நாலு கட்டம் போட்டு சந்தை, போட்டியாளர், விலை, செலவு என்று எழுதிக் காட்டினேன். எதிரில் இருந்தவர் நிதானமாகப் பார்த்துவிட்டு, "இந்த நாலில் எதை முதலில் பார்ப்பீர்கள், ஏன்?" என்று கேட்டார். எனக்கு வாய் வரவில்லை. அவர் கைப்பக்கம் ஒரு தாள் குப்புறக் கிடந்தது. அதில்தான் எண்கள் இருந்தன. எதையாவது கேட்டிருந்தால் திருப்பிக் காட்டியிருப்பார். கடைசி வரை நான் கேட்கவில்லை. அந்த வெள்ளைத் தாளின் பின்பக்கம் இன்றைக்கும் என் கண்ணில் நிற்கிறது.

பிறகு வேறொரு நிறுவனத்தில் சேர்ந்து ஆறு வருடம் வேலை பார்த்தேன், மேசையின் மறுபக்கமும் உட்கார்ந்தேன். அங்கே உட்கார்ந்த பிறகுதான் புரிந்தது: நம் பிள்ளைகள் கணக்கில் கெட்டி, உழைப்புக்கும் குறைவில்லை. வாயைத் திறப்பதில்தான் தோற்கிறார்கள். பெரியவர் பேசும்போது குறுக்கே பேசாதே, விடை தெரிந்தால் மட்டும் கையைத் தூக்கு என்று சொல்லித்தானே வளர்த்தோம்? அந்த மரியாதை நல்லதுதான், நான் குறை சொல்லவில்லை. ஆனால் இந்த அறைக்குள் அரைகுறை யோசனையைத்தான் கேட்க விரும்புகிறார்கள். "எனக்கு இப்படித் தோன்றுகிறது, ஆனால் இந்த எண் தெரிந்தால்தான் உறுதியாகச் சொல்ல முடியும்" என்று ஒரு பிள்ளை சொல்லிவிட்டால் எனக்கு நிமிர்ந்து உட்காரத் தோன்றும். நம் பிள்ளைகளோ எதிரில் இருப்பவர் ஒரு குறிப்பு கொடுத்தால்கூட, போச்சு, தப்பு செய்துவிட்டோம் என்று முகம் வாடிவிடுகிறார்கள். கொடுத்த குறிப்பைப் பிடித்துக்கொண்டு மேலே போவதும் ஒரு திறமைதான். அதற்கும் மதிப்பெண் உண்டு.

சரி, மனப்பாடம் ஏன் கைகொடுக்காது என்பதற்கு ஒரு கேஸையே சொல்கிறேன். லெனேஷியாவிலிருந்து ஒரு பெண் சனிக்கிழமைகளில் என்னிடம் வருகிறாள். அவளுக்கு நான் கொடுத்தது இது: "ஒரு டாக்ஸி ஓட்டுநரின் வருமானம் ஆறு மாதத்தில் கால்வாசி குறைந்துவிட்டது. என்ன காரணம்?" ஊரிலிருந்து படிப்பவர்களுக்காக: இங்கே டாக்ஸி என்றால் பதினைந்து, பதினாறு பேர் உட்காரும் வேன். குறித்த தடத்தில் ஓடும், ஆள் நிரம்பினால்தான் கிளம்பும்.

அவள் உடனே எழுதினாள்: வரவு, செலவு. வரவு என்றால் பயணிகள் பெருக்கல் கட்டணம். செலவு என்றால் பெட்ரோல், பழுது, தவணை. எழுதிய வரையில் தப்பில்லை. "டாக்ஸி யாருடையது?" என்று கேட்டேன். அவள் பேனாவைக் கீழே வைத்துவிட்டாள். அவள் மாமாவின் வண்டியே அப்படி ஓடுகிறது, அவளுக்குத் தெரியாதா? பல வண்டிகளில் ஓட்டுநர் சொந்தக்காரர் இல்லை. சொந்தக்காரருக்கு இவ்வளவு என்று பேசிவைத்த தொகையைக் கட்டிவிட்டு, பெட்ரோலும் போட்டுவிட்டு, மிஞ்சுவதுதான் ஓட்டுநருக்கு. தவணையும் பழுதும் அவர் கணக்கிலேயே வராது.

இப்போது எண்ணைப் போட்டுப் பார்த்தோம், எல்லாம் நாங்களாக வைத்துக்கொண்ட எண்கள். கட்டணம் 15 ராண்ட். ஒரு நாளைக்கு 160 பேர், ஆக 2,400 ராண்ட். சொந்தக்காரருக்கு 1,000, பெட்ரோலுக்கு 800, மிச்சம் 600. இந்த 600 கால்வாசி குறைந்து 450 ஆக வேண்டுமென்றால் வரவில் 150 ராண்ட் குறைந்தால் போதும். 150 ராண்ட் என்றால் பத்தே பத்துப் பேர்! ஒரு வண்டி நிறைய ஆள்கூட இல்லை. அவள் அந்த 10-ஐ இரண்டு தடவை வட்டம் போட்டாள். கால்வாசி வருமானம் போயிருக்கிறது, ஆனால் பெரிதாக எதுவும் நடந்திருக்க வேண்டியதில்லை. ரேயா வாயா பேருந்து அந்தப் பக்கம் ஒரு நிறுத்தம் கூட்டியிருக்கலாம். ஏதோ ஒரு அலுவலகம் வெள்ளிக்கிழமை வீட்டிலிருந்தே வேலை பார்க்கச் சொல்லியிருக்கலாம். அப்புறம் அவளே கேட்டாள்: "அப்போ சொந்தக்காரருக்கு இது தெரியவே தெரியாது இல்லையா ஆன்ட்டி? அவருக்குத்தான் ஆயிரம் வந்துகிட்டே இருக்கே." அவ்வளவுதான். இந்த வாக்கியம் எந்த ஃப்ரேம்வொர்க்கிலும் கிடையாது. இதை இன்டர்வியூவில் சொல்லும் பிள்ளையைக் கண்டிப்பாக அடுத்த சுற்றுக்குக் கூப்பிடுவார்கள்.

ஃப்ரேம்வொர்க்கே வேண்டாம் என்று சொல்லவில்லை. மெக்கின்சியில் வேலை பார்த்த பார்பரா மின்டோ சொல்லிக்கொடுத்த விதி ஒன்று போதும்: பிரிக்கும்போது ஒன்றன்மேல் ஒன்று படியக்கூடாது, எதுவும் விட்டுப்போகவும் கூடாது. இதை மீசி (MECE) என்பார்கள். நம் வீட்டுப் பெண்கள் அரிசி, பருப்பு, மசாலா என்று டப்பா பிரித்து வைக்கிற அதே வேலை. ஆனால் என்ன டப்பா தேவை என்பதை அந்த வீட்டுச் சமையல்தானே சொல்லும்?

எண்களைப் பற்றி ஒன்று, முக்கியமாகத் தமிழ்நாட்டிலிருந்தும் இலங்கையிலிருந்தும் வந்தவர்களின் பிள்ளைகளுக்கு. நாம் மனசுக்குள் லட்சத்தில் யோசிக்கிறோம், இன்டர்வியூவில் மில்லியனில் பேச வேண்டும். அந்தத் தாவலில் ஒரு சைபர் விழுந்துவிடுகிறது. நல்ல கணக்குப் பிள்ளைகள் இதில் சறுக்கியதைப் பார்த்திருக்கிறேன். பத்து லட்சம் ஒரு மில்லியன், நூறு கோடி ஒரு பில்லியன். இதைக் கணக்குப் போட்டுச் சொல்லக்கூடாது, வாயில் தானாக வர வேண்டும். தினமும் காலையில் பத்து நிமிடம், கால்குலேட்டர் இல்லாமல், சத்தமாக.

மதிப்பீட்டுக் கேள்வியையும் சத்தமாகத்தான் பழக வேண்டும். டர்பனில் ஒரு நாளைக்கு எத்தனை பன்னி சவ் விற்கும்? (ரொட்டியின் நடுவைக் குடைந்து குழம்பு ஊற்றித் தருவார்களே, அது.) 2022 கணக்கெடுப்பின்படி டர்பனை உள்ளடக்கிய எத்தெக்வினி மாநகரத்தில் சுமார் 42 லட்சம் பேர். அதில் இந்திய வம்சாவளி நம்மவர்கள் எட்டு லட்சம் என்று வைத்துக்கொள்வோம். அதில் பாதிப் பேர் இரண்டு வாரத்துக்கு ஒரு தடவை சாப்பிட்டால் நாளைக்கு 28,000 சொச்சம். மற்ற 34 லட்சத்தில் பத்தில் ஒருவர் மாதம் ஒரு தடவை என்றால் 11,000 சொச்சம். மொத்தம் 40,000 போல. பெரும்பாலான பிள்ளைகள் இங்கே நிறுத்திவிட்டு நிமிர்ந்து பார்ப்பார்கள். நிறுத்தக்கூடாது. ஒரு கடை நாளைக்கு நூறு விற்றால் 400 கடை வேண்டும், அதாவது பத்தாயிரம் பேருக்கு ஒரு கடை. டர்பனில் நம்மவர்கள் நிறைந்த சாட்ஸ்வொர்த்தில் நடந்து பார்த்தவருக்கு அது நம்பும்படி இருக்கிறதா? இருக்கிறது. எல்லாமே கால் ரொட்டி என்றால் 10,000 ரொட்டி. ஆக, கேட்டவர் பேக்கரி வைத்திருப்பவராக இருந்தால் அவருக்குப் பயன்படும் எண் இந்தப் பத்தாயிரம்தான். கேட்டவருக்கு என்ன உபயோகம் என்பது வரை கொண்டுபோய் விட வேண்டும்.

இணையத்தில் கிடைக்கும் கேஸ்கள் பெரும்பாலும் அமெரிக்காவில் எழுதியவை. பழகுவதற்குச் சரி. ஆனால் இந்த நாட்டுச் செய்தியையும் படியுங்கள். 2023-இல் மின்வெட்டு உச்சத்தில் இருந்தபோது பல்பொருள் அங்காடிகள் ஜெனரேட்டர் டீசலுக்கு எவ்வளவு கொட்டின என்று தெரிந்த பிள்ளைக்கு, "செலவு ஏன் கூடியது?" என்ற கேள்வி வெறும் கட்டமாகத் தெரியாது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இன்டர்வியூ முடிவில் "எங்களிடம் ஏதாவது கேட்க வேண்டுமா?" என்பார்கள். இந்த நாட்டில் கன்சல்டிங் நிறுவனங்களின் பெயர் அடிபட்ட கதை எல்லோருக்கும் தெரியும். எஸ்காம் மின்வாரியத்திடம் வாங்கிய பணத்தில் சுமார் நூறு கோடி ராண்டை மெக்கின்சி 2018-இல் திருப்பிக் கொடுத்தது. வருமானவரித் துறையில் பெயின் என்ற இன்னொரு கன்சல்டிங் நிறுவனம் செய்த வேலையை நுஜென்ட் ஆணையம் விசாரித்தது. அதற்குப் பிறகு உள்ளே என்ன மாறியிருக்கிறது என்று மரியாதையாக, நேராகக் கேளுங்கள். வேலை போய்விடுமோ என்று பயப்படாதீர்கள். அங்கே போய் உட்காரப்போவது நீங்கள், உங்கள் பெயர்தான் அந்த அட்டையில் இருக்கும்.

பயிற்சிக்கு ஆயிரக்கணக்கில் பணம் கட்டச் சொல்பவர்களிடம் போகாதீர்கள், குறிப்பாகக் கடன் வாங்கிப் போகாதீர்கள். வாரத்துக்கு மூன்று மாலை, எதிரில் ஒரு ஆள், ஒரு கேஸ், முடிந்ததும் பதினைந்து நிமிடம் ஒளிவுமறைவில்லாத பேச்சு. இப்படி முப்பது கேஸ் முடித்தால் வித்தியாசம் தானாகத் தெரியும். ஒரு தடவை நீங்கள் பதில் சொல்லுங்கள், அடுத்த தடவை நீங்கள் கேளுங்கள். கேட்கும் பக்கம் உட்கார்ந்தால்தான் மௌனம் எவ்வளவு நீளமாகத் தெரிகிறது என்பது புரியும்.

கோயிலில் பார்த்த அம்மாவின் மகன் நேற்று மாலை எங்கள் வீட்டுக்கு வந்தான். முதல் கேஸில் நாலு நிமிடம் பேசவே இல்லை, தாளைப் பார்த்து எழுதிக்கொண்டே இருந்தான். தாளை வாங்கி வைத்துவிட்டு, "மனசுல ஓடுறதை அப்படியே சொல்லுப்பா, தப்பா இருந்தாலும் பரவாயில்லை" என்றேன். இரண்டாவது கேஸில் மூன்று கேள்வி கேட்டான். மூன்றாவது கேள்வி நல்ல கேள்வி. போகும்போது சாம்பார் சாதம் இரண்டு தட்டு சாப்பிட்டான், அவன் அம்மாவுக்குச் சொல்லிவிட்டேன்.

அவனுக்கும் சாட்ஸ்வொர்த்தில் இருக்கும் இன்னொரு தம்பிக்கும் எதிரில் உட்கார ஆள் தேவை. செவ்வாய், வியாழன் இரவு ஏழரைக்கு மேல், வீடியோ அழைப்பில் ஒரு மணி நேரம். கன்சல்டிங் அனுபவம் வேண்டியதில்லை. கேஸை நான் எழுதித் தருகிறேன். கேட்கவும், அவர்கள் பேசி முடிக்கும் வரை பொறுத்திருக்கவும் முடிந்தவர்கள் கீழே ஒரு வார்த்தை எழுதுங்கள்.