சன்ஷிரோ சுகாடா கராத்தே படம் இல்லீங்க

ஜப்பான் டைரக்டர் அகிரா குரோசாவாவோட முதல் படம் 'சன்ஷிரோ சுகாடா' (1943) கராத்தே படம், அதுல வர்ற குருதான் கராத்தேய கண்டுபுடிச்சவர்னு ஒரு ஃபார்வர்டு வாட்ஸ்அப்ல சுத்துது. ரெண்டுமே தப்பு. அது ஜூடோ படம், குரு யானோ பாத்திரம் ஜூடோவ உருவாக்கி, 1882ல கோடோகன்ங்கிற ஜூடோ பள்ளிய ஆரம்பிச்ச ஜிகோரோ கானோவ வச்சு எழுதுனது. கராத்தே 1945ல வந்த ரெண்டாம் பாகத்துலதான் வருது, அதுவும் எதிராளிங்க கையில. முதல் படத்துல குரு திட்டுனதும் சிஷ்யன் சன்ஷிரோ குளத்துல குதிச்சு ராத்திரி பூரா ஒரு கட்டைய புடிச்சிட்டு நிப்பான், விடியக்காலைல தாமரை பூத்தத பாத்து அவனுக்கு புரியும், அவ்ளோ அழகான சீன், அத போய் இப்படி சொல்லலாமா? கோடோகன் வெப்சைட்ல ஜூடோ வரலாறு இருக்கு, பாத்துக்கோங்க. அந்த மெசேஜ இனி யாருக்கும் அனுப்பாதீங்க ப்ளீஸ்.